பாழ்மனையும் நகரத்தின் கணக்கும்

கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய அகநானூற்றின் 167ஆம் பாடலில், மக்கள் கைவிட்டுச் சென்ற ஊர் ஒன்று வருகிறது. அவ்வூர்ப் பொதியிலின் நெடிய செங்கற்சுவரிலிருந்து விட்டம் வீழ்ந்து கிடக்கிறது. மாடத்தில் வாழ்ந்த புறாக்களும் அவ்விடத்தைத் துறந்துவிட்டன. பாலைநிலத்தின் வெறுமையைக் காட்டப் புலவர் தேர்ந்த காட்சி இது. ஆயினும், கட்டடப் பொறியாளர் ஒருவர் இதைப் படித்தால் அவர் கண் முதலில் அந்த விட்டத்தின்மேல்தான் விழும். ஆளற்ற கட்டடம் சாயும்போது பெரும்பாலும் முதலில் தளர்வது அதுவே.

வீடு பாழாவது ஒரே நாளில் நிகழ்வதன்று. மேல்தளத்து மழைநீர்த் தூம்பில் சருகு அடைக்கிறது. வீட்டில் ஆள் இருந்தால் ஒரு குச்சியால் குத்தி நீக்கிவிடுவார். ஆளில்லாதபோது நீர் தேங்கிக் காரைக்குள் இறங்குகிறது. ஒரு நூற்றாண்டுக்கு முன்பு தமிழ்நாட்டு நகரங்களில் எழுந்த வீடுகள் பலவற்றில் தேக்கு விட்டங்களின்மேல் சட்டங்கள் பரப்பி, அவற்றின்மேல் சிறுசெங்கற்களைக் குத்துவாட்டில் அடுக்கிச் சுண்ணாம்புக் காரை பூசும் முறை இருந்தது. ‘மெட்ராஸ் ஒட்டு’ என்று கொத்தனார்கள் அதைக் கூறுவர். அத்தளத்தின் வலிமை முழுவதும் விட்டத்தின் இரு முனைகளில் இருக்கிறது. அம்முனைகள் சுவருக்குள் புதைந்திருப்பதால் ஈரம் வெளியேற வழியில்லை. நடுவில் வைரம் பாய்ந்து நிற்கும் மரம் முனைகளில் மட்டும் மக்கிப்போகிறது. பறவை எச்சத்தில் வந்த அரச விதை சுவரின் வெடிப்பில் முளைக்கிறது. அதன் வேர் செங்கல்லைப் பிரிக்கிறது.

கற்காரைக் கட்டடம் இதற்கு விலக்கன்று. வெடிப்பு வழியே நுழையும் நீர் உள்ளிருக்கும் இரும்புக் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்கிறது. துருவேறிய இரும்பு, தான் முன்பு இருந்த இடத்தைவிடப் பன்மடங்கு இடத்தை வேண்டுகிறது. அதனால் கம்பியை மூடியிருக்கும் கற்காரை பெயர்ந்து விழுகிறது. கூரையில் கம்பி வெளியே தெரியும் கட்டடத்தைத் தமிழ்நாட்டில் காணாதவர் இரார்.

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்த போடிநாயக்கனூர் போன்ற நகருக்கு இந்தச் சிக்கல் கூடுதலாக உண்டு. ஏலக்காய் வணிகத்தால் வளர்ந்த ஊர் அது. நறுமணப் பொருள்கள் வாரியத்தின் மின்னணு ஏல மையம் இன்றும் அங்கு இயங்குகிறது. வணிகம் செழித்த காலத்தில் எழும் வீடுகளும் கிடங்குகளும் தலைமுறை மாறும்போது பல வாரிசுகளின் பெயருக்குப் பிரிகின்றன. ஒருவர் மதுரையிலும் மற்றொருவர் மலைத்தோட்டத்திலும் இன்னொருவர் அயல்நாட்டிலும் வாழும் நிலையில், தூம்பின் சருகை அகற்றும் கடமை யாருடையது என்பதே முடிவாவதில்லை. பழைய தெருக்களில் இரண்டு வீடுகளுக்கு இடையே ஒரே பொதுச்சுவர் நிற்பதும் வழக்கம். ஒரு வீடு பாழாயின் அடுத்த வீட்டின் சுவரிலும் ஈரம் ஏறும். இடித்தாலோ, அடுத்த வீடு ஆதரவின்றி நிற்கும்.

இடிக்கும் உரிமையும் கடமையும்

தனியாருக்குச் சொந்தமான கட்டடத்தில் அரசு கைவைக்கலாமா? சில வரையறைகளுக்குள் வைக்கலாம் என்பதே சட்டத்தின் விடை. தமிழ்நாட்டில் நீண்ட காலம் நடைமுறையில் இருந்த மாவட்ட நகராட்சிகள் சட்டம் 1920ஆம் ஆண்டினது. அதன்படி, பாழடைந்த நிலையில் இருந்து குடியிருப்போருக்கோ வழிப்போக்கருக்கோ இடர் விளைவிக்கும் கட்டடத்தைப் பழுதுபார்க்கவோ, தாங்குகால் கொடுத்து நிறுத்தவோ, இடிக்கவோ ஆணையிட்டு நகராட்சி உரிமையாளருக்கு அறிவிப்பு அனுப்பலாம். ஆபத்து மிக அண்மையில் இருப்பின் அறிவிப்புக்குக் காத்திராமல் நகராட்சியே செயலில் இறங்கலாம். செலவைச் சொத்துவரி நிலுவையைப்போல் உரிமையாளரிடம் திரும்பப் பெறலாம். 2023ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம், 1998 நடைமுறைக்கு வந்து பழைய சட்டங்களின் இடத்தை எடுத்துக்கொண்டது.

ஏட்டில் இது தெளிவாக இருக்கிறது. நடைமுறையில் அறிவிப்பை யார் கையில் கொடுப்பது என்பதிலேயே முதல் முட்டுக்கட்டை எழுகிறது. வரிப் பதிவேட்டில் இருக்கும் பெயர் இறந்துபோன பாட்டனாருடையதாக இருக்கும். பாகப்பிரிவினை வழக்கு நீதிமன்றத்தில் நிலுவையில் இருக்கும். செலவைப் பிறகு பெற்றுக்கொள்ளலாம் என்றாலும், முதலில் கையிலிருந்து செலவிட வேண்டியது நகராட்சியே. சொத்துவரி, காலிமனை வரி, தொழில்வரி, கடை வாடகை, குடிநீர்க் கட்டணம் ஆகியவை நகராட்சியின் சொந்த வருவாய். மாநில நிதிக் குழுவும் மத்திய நிதிக் குழுவும் பரிந்துரைக்கும் மானியங்கள் மற்றொரு பகுதி. துப்புரவுக்கும் குடிநீருக்கும் தெருவிளக்குக்கும் ஊதியத்துக்கும் இவை ஒதுக்கப்பட்ட பிறகு, ஊர்பேர் தெரியாத ஒருவரின் வீட்டை இடிக்க எஞ்சுவது மிகக் குறைவு.

பொதுக்கட்டடமாயின் கணக்கு வேறுவகையில் அமைகிறது. பழுதடைந்த அரசுக் கட்டடத்தைப் பொறியாளர் ஆய்வுசெய்து, பயன்பாட்டுக்கு உகந்ததன்று எனச் சான்றளிக்கிறார். பின்பு அதிலிருந்து கிடைக்கக்கூடிய மரம், இரும்பு, செங்கல், கதவு, சன்னல் ஆகியவற்றின் மதிப்பைக் கணக்கிடுகிறார். அதன் அடிப்படையில் ஏலம் நடைபெறுகிறது. ஏலம் எடுப்பவரே அரசுக்குப் பணம் செலுத்திக் கட்டடத்தை இடித்து, பொருள்களை எடுத்துக்கொண்டு, இடத்தைச் சுத்தமாக ஒப்படைக்க வேண்டும். இடிக்கச் செலவு செய்வதற்கு மாறாக இடிப்பதால் வருவாய் பெறும் இம்முறை சிக்கனமானதே. காரைக்குடியில் பழைய கதவுகளையும் தூண்களையும் விற்கும் கடைகளைக் கண்டவர்கள், இடிபாட்டுக்கும் ஒரு சந்தை உண்டு என்பதை அறிவர்.

ஆனால் இம்முறையில் ஒரு வளைவு ஒளிந்திருக்கிறது. தேக்கு விட்டமும் வார்ப்பிரும்புத் தூணும் உள்ள கட்டடத்தை ஏலம் எடுக்கப் பலர் போட்டியிடுவர். மண்சுவரும் உடைந்த ஓடும் மட்டுமே உள்ள கட்டடத்துக்கு யார் வருவார்? கம்பி துருவேறிய சிறிய கற்காரைக் கட்டடத்தை உடைக்கும் கூலி, கிடைக்கும் இரும்பின் விலையைவிட மிகுதியாகிவிடலாம். ஏல முறை ஒன்றையே நம்பியிருந்தால், எது ஆபத்தானதோ அது முதலில் விழாது. எதில் பொருள் இருக்கிறதோ அதுவே முதலில் விழும். ஒன்றுக்கும் உதவாத கட்டடமே நெடுநாள் நிற்கும்.

டெட்ராய்ட் கற்ற பாடம்

கைவிடப்பட்ட கட்டடங்களை இடிப்பதையே ஒரு பெருந்திட்டமாக மேற்கொண்ட நகரம் அமெரிக்காவின் டெட்ராய்ட். மோட்டார் வாகனத் தொழிலின் தலைநகரான அதில் 1950ஆம் ஆண்டு ஏறத்தாழ 18 இலட்சத்து 50 ஆயிரம் பேர் வாழ்ந்தனர். தொழிற்சாலைகள் இடம்பெயர்ந்தன, மக்களும் புறநகர்களுக்கு நகர்ந்தனர். 2010ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் எஞ்சியோர் 7,13,777 பேர். வெளியேறியவர்கள் வீடுகளைத் தூக்கிச் செல்லவில்லை. 2013ஆம் ஆண்டு சூலை மாதத்தில் நகரமே நொடிப்புநிலை கோரி நீதிமன்றம் சென்றது.

பணமில்லாத நகரம் முதலில் செய்த வேலை எண்ணுவது. 2013-14 குளிர்காலத்தில் பயிற்சி பெற்ற உள்ளூர் மக்கள் கைக்கணினியுடன் தெருத்தெருவாகச் சென்று, ஏறத்தாழ 3,80,000 மனைகளை ஒவ்வொன்றாகப் படமெடுத்துப் பதிவு செய்தனர். கூரை இருக்கிறதா, தீப்பற்றிய தடம் உண்டா, கதவு திறந்து கிடக்கிறதா, குப்பை கொட்டப்பட்டுள்ளதா என்பன கேள்விகள். சீர்கெட்டனவாகவோ சீர்கெடும் அறிகுறி உள்ளனவாகவோ 84,641 கட்டடங்களும் காலிமனைகளும் கண்டறியப்பட்டன. அதற்கு முன்பு வரை எத்தனை என்பதே யாருக்கும் உறுதியாகத் தெரிந்திருக்கவில்லை.

அடுத்தது பணம். வீட்டுக்கடன் நெருக்கடியில் வீடிழக்கும் நிலையிலிருந்தவர்களைக் காக்க அமெரிக்க நடுவண் அரசு 2010ஆம் ஆண்டு ஒரு நிதியத்தை ஏற்படுத்தியிருந்தது. பாழ்வீடு ஒன்று தெருவில் நின்றால் அண்டை வீடுகளின் விலை சரிகிறது. விலை சரிந்தால் அவ்வீட்டாரும் கடனைக் கைவிட்டு வெளியேறுகின்றனர். ஆகவே இடிப்பதும் வீடிழப்பைத் தடுக்கும் வழியே என்ற வாதம் 2013இல் ஏற்கப்பட்டது. மிச்சிகன் மாநிலத்துக்கு அவ்வகையில் ஒப்புதலான 10 கோடி டாலரில் 5 கோடியே 23 இலட்சம் டாலர் டெட்ராய்ட்டுக்குக் கிடைத்தது. பின்னர் மேலும் தொகைகள் வந்தன.

இங்கேதான் கவனிக்கத்தக்க செய்தி இருக்கிறது. அந்நிதி குடியிருப்பு வீடுகளுக்கு மட்டுமே உரியது. பாழ்பட்ட கடைக்கும் தொழிற்சாலைக்கும் உதவாது. நகரம் முழுவதற்கும் உரியதுமன்று. வரையறுக்கப்பட்ட பகுதிகளில் மட்டும் செலவிடத்தக்கது. அப்பகுதிகளோ முற்றிலும் வெறிச்சோடியவை அல்ல. மக்கள் இன்னும் பெருமளவில் வாழ்ந்து, சரிவின் விளிம்பில் இருந்தவை. தெருவில் இரண்டு வீடுகளே பாழ் என்றால் அவ்விரண்டையும் நீக்கினால் தெரு பிழைக்கும் என்பது கணக்கு. கேட்பதற்கு முறையாகவே இருக்கிறது. ஆனால் பத்து வீடுகளில் எட்டு பாழாகி, எஞ்சிய இரண்டில் முதியோர் வாழும் தெருவுக்கு முறை வரவில்லை. இடர் எங்கே மிகுதி என்பதைவிட, வந்த பணத்தின் நிபந்தனையே வரிசையை வகுத்தது. பிறர் தரும் நிதியை நம்பும் எந்த உள்ளாட்சிக்கும் இது பொருந்தும்.

2020ஆம் ஆண்டு நவம்பரில் 25 கோடி டாலர் கடன்பத்திரம் வெளியிட நகர வாக்காளர்கள் ஒப்புதல் அளித்தனர். அத்தொகை நகரத்தின் சொந்தக் கடன். வட்டியும் முதலும் மக்களின் வரியிலிருந்து செல்ல வேண்டும். எல்லாவற்றையும் இடிக்காமல், தேறக்கூடிய வீடுகளைத் துப்புரவாக்கிப் பூட்டிக் காத்து விற்பதும் இத்திட்டத்தில் ஒரு பாதியாக இடம்பெற்றது.

தரம் பிரித்தல்

இந்தியாவில் இத்துறையில் நெடிய பட்டறிவு உடையது மும்பை. பழைய வாடகைக் குடியிருப்புகள் மழைக்காலந்தோறும் சரிந்து உயிர்களைப் பலிகொண்டதால், 1969இல் அங்குச் சட்டம் இயற்றிப் பழுதுபார்ப்பு வாரியம் ஒன்று அமைக்கப்பட்டது. தீவு நகரத்தின் பழைய கட்டடங்கள் 19,642இன்மீது பழுதுபார்ப்புத் தீர்வை விதிக்கப்பட்டது. எல்லோரும் சிறிது சிறிதாகச் செலுத்த, எது முதலில் தளர்கிறதோ அதற்குச் செலவிடுவது அதன் அடிப்படை. இன்று 30 ஆண்டுகளைக் கடந்த கட்டடங்களுக்குக் கட்டமைப்புத் தணிக்கை அங்குக் கட்டாயம். தணிக்கையின் முடிவில் கட்டடங்கள் தரம் பிரிக்கப்படுகின்றன. உடனே காலிசெய்து இடிக்க வேண்டியவை ‘சி1’. காலிசெய்து பகுதியளவு இடித்தோ பெரும் பழுது நீக்கியோ காக்கத்தக்கவை ‘சி2ஏ’. மக்கள் குடியிருக்கும்போதே பழுது நீக்கத்தக்கவை ‘சி2பி’. சிறு பழுதுடையவை ‘சி3’. உரிமையாளர் அமர்த்திய பொறியாளர் இடிக்க வேண்டும் என்றும், வாடகைதாரர் அமர்த்தியவர் தேறும் என்றும் அறிக்கை தருவது அங்கு அரிதன்று. அத்தகைய முரணைத் தீர்க்கத் தொழில்நுட்ப ஆலோசனைக் குழு ஒன்றும் உள்ளது. கட்டடத்தின் தரம் பொறியியல் கேள்வி மட்டுமாக இருப்பதில்லை; அதில் வாழ்வோரின் உரிமையும் மனையின் விலையும் கலந்தே இருக்கின்றன.

தரம் பிரித்த பின்னும் வரிசை முடிவதில்லை. மலையடி நகரம் ஒன்றில் மூன்று கட்டடங்கள் பழுதாக உள்ளன எனக் கொள்வோம். முதலாவது, ஊர் எல்லையில் உள்ள பழைய கிடங்கு, தேக்கு மிகுந்தது, கூரை பாதி விழுந்துவிட்டது, சுற்றிலும் ஆள் நடமாட்டமில்லை. இரண்டாவது, கம்பி வெளித்தெரியும் அரசுக் குடியிருப்பு, பூட்டியிருக்கிறது, சுற்றுச்சுவர் உண்டு. மூன்றாவது, பள்ளிக்குச் செல்லும் குறுகிய தெருவில் வெளிப்புறமாகச் சாய்ந்து நிற்கும் ஓட்டுவீடு, வாரிசுகள் பலர், விலைபோகும் பொருள் எதுவுமில்லை. கையில் ஒன்றுக்கே பணம் இருக்கிறது.

சிதைவின் அளவை மட்டும் பார்த்தால் கிடங்கே முதலில் வரும். வருவாயைப் பார்த்தாலும் அதுவே. நடைமுறை எளிமையைப் பார்த்தால், வழக்கற்ற அரசுக் குடியிருப்பு முந்தும். ஆயினும் இடர் என்பது கட்டடத்தின் பண்பு மட்டுமன்று. விழும் வாய்ப்பு எவ்வளவு, விழுந்தால் அங்கே யார் இருப்பர், எத்தனை நேரம் இருப்பர் என்னும் மூன்றும் சேர்ந்ததே இடர். காலையும் மாலையும் மாணவர் கூட்டம் சுவரோரமாக நடக்கும் தெருவில், பாதியளவே சிதைந்த சுவரும் முழுதும் சிதைந்த கிடங்கைவிடக் கொடியது. அதிலும், மழை ஓய்ந்தபின் சில நாள்களுக்கு மண்சுவர் நீரைக் குடித்துக் கனத்து நிற்கும். ‘மழை விட்டுவிட்டதே’ என்று ஆறுதல் கொள்ளும் வேளையிலும் சுவர் விழுவதன் காரணம் இதுதான்.

2021ஆம் ஆண்டு திசம்பர் 17ஆம் நாள் திருநெல்வேலியில் அரசு உதவிபெறும் பள்ளி ஒன்றின் கழிப்பறைச் சுவர் இடிந்து மாணவர் மூவர் உயிரிழந்தனர். அது பெரிய மாளிகையன்று. பட்டியலில் எவரும் முதலில் எழுதும் கட்டடமுமன்று. அதன்பின் மாநிலம் முழுவதும் பள்ளிக் கட்டடங்கள் ஆய்வு செய்யப்பட்டுப் பழுதடைந்தவை இடிக்கப்பட்டன. பத்து நாள்களில், திசம்பர் 27ஆம் நாள், சென்னை திருவொற்றியூரில் அரசு அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் 24 வீடுகள் சரிந்தன. வெடிப்பைக் கண்டு மக்கள் முன்னரே வெளியேறிவிட்டதால் அங்கு உயிர்ச்சேதம் இல்லை. இரு நிகழ்வுகளுக்கும் இடையே உள்ள வேறுபாடு நிதியால் வந்ததன்று. சிலர் வெடிப்பை உற்றுப்பார்த்து உடனே கீழிறங்கியதால் வந்தது.

பள்ளிகளில் இடிப்பு விரைந்து நடந்ததற்கு நிகராகக் கட்டுமானம் நடைபெற இயலவில்லை. இடித்த இடத்தில் புதிய வகுப்பறை எழும்வரை மரநிழலிலும் மாற்றிடங்களிலும் பாடம் நடத்திய ஊர்கள் உண்டு. 2022-23ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்ட பேராசிரியர் அன்பழகன் பள்ளி மேம்பாட்டுத் திட்டம், ஐந்தாண்டுகளில் 7,000 கோடி ரூபாய்ச் செலவில் வகுப்பறைகளைக் கட்ட வகைசெய்தது. இடிக்கும் செலவைக் கணக்கிடுவோர், அதன் பக்கத்திலேயே இந்தச் செலவையும் எழுதவேண்டியிருக்கிறது.

இடிக்காமல் விடுவது

டெட்ராய்ட்டின் பெரிய தொடர்வண்டி நிலையம் 1988இல் மூடப்பட்டது. கண்ணாடிகள் உடைந்து, நகரத்தின் வீழ்ச்சிக்கே அடையாளமாக நின்ற அதனை இடிக்க 2009இல் நகரமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. தீர்மானம் செயலாகவில்லை, கட்டடம் பிழைத்தது. 2018இல் ஃபோர்டு நிறுவனம் அதை வாங்கிப் புதுப்பித்தது. 2024 சூன் மாதம் அது மீண்டும் திறக்கப்பட்டது. மதுரை–போடி மீட்டர் பாதையும் இவ்வகையில் நினைக்கத்தக்கது. 1928இல் தொடங்கிய அப்பாதை அகலப்பாதைப் பணிக்காக 2010ஆம் ஆண்டு இறுதியில் மூடப்பட்டது. ஓரிரு ஆண்டுகள் எனத் தொடங்கிய காத்திருப்பு 12 ஆண்டுகளைக் கடந்தது. 2023 சூன் 15ஆம் நாள் போடிநாயக்கனூருக்கு மீண்டும் தொடர்வண்டி வந்தது. ஆளற்றிருப்பது எல்லாம் கைவிடப்பட்டதன்று. அது மட்டுமின்றி, இடித்ததைத் திரும்பப் பெற எந்த ஏலத்திலும் வழியில்லை.

போடிக்கு மேலே மலையில் இன்னொரு வகைச் சிதைவும் உண்டு. மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை 1902இல் ஒற்றைத் தண்டவாளப் பாதையும், 1908 முதல் சிறுரயில் பாதையும் இயங்கின. அங்கிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தில் தொங்கியபடி கொட்டகுடிக்கு இறங்கி, போடி வழியாக வெளியூர் சென்றன. 1924ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் சிறுரயில் பாதையை அழித்தது. கம்பிவட நிலையத்தின் எச்சங்கள் மலையில் இன்னும் உள்ளன. அவற்றை இடிக்க எவரும் பணம் ஒதுக்கப்போவதில்லை, ஒதுக்க வேண்டியதுமில்லை. கீழே நடப்பவர் இல்லாத இடத்தில் சுவர் தன் காலத்தை எடுத்துக்கொள்ளலாம்.

ஊருக்குள் அவ்வாறு விட இயலாது. எனினும் இடிப்புக்குப் பணம் வரும்வரை செய்யத்தக்கவை பல உள்ளன. தெருப்பக்கம் தடுப்பு அமைத்து மக்களை எதிர்ச்சாரியில் நடக்கச் செய்தல், சாய்ந்த சுவருக்குத் தாங்குகால் கொடுத்தல், தளர்ந்த கைப்பிடிச்சுவரை மட்டும் இறக்குதல், மின்னிணைப்பைத் துண்டித்தல், டெங்குக் கொசு வளரும் தேங்குநீரை வடித்தல் ஆகியவற்றுக்கு ஆகும் செலவு இடிப்புச் செலவில் சிறு பங்கே. தமிழ்நாட்டு நகராட்சிகளின் கொசு ஒழிப்புப் பணியாளர்கள் ஏற்கெனவே பூட்டிய வீடுகளைத் தேடிச் செல்கின்றனர். எந்த வீட்டில் ஆளில்லை என்பதை வரிப் பதிவேட்டைவிட அவர்கள் நன்கறிவர். டெட்ராய்ட் கைக்கணினியில் தொகுத்த பட்டியலுக்கு இணையான அறிவு அவர்களிடம் சிதறிக் கிடக்கிறது.

இடித்து முடித்தபின் இரண்டு வேலைகள் எஞ்சும். ஒன்று இடிபாடு. 2016ஆம் ஆண்டின் கட்டுமான மற்றும் இடிப்புக் கழிவு மேலாண்மை விதிகள், அதனை வடிகாலிலோ நீர்நிலையிலோ பொதுவிடத்திலோ கொட்டக்கூடாது என்றன. மலையடி ஊரில் ஓடைக்கரையில் கொட்டிய கல்லும் காரையும் அடுத்த வெள்ளத்தில் தெருவுக்கே திரும்பி வரும். மற்றொன்று வெற்றுமனை. கவனிப்பாரற்ற மனை சில திங்களில் குப்பைமேடாகிவிடும். டெட்ராய்ட்டில் இவ்வாறு காலியான மனைகளை அடுத்த வீட்டாருக்கே 100 டாலருக்கு விற்கின்றனர்; பலர் அவற்றைக் காய்கறித் தோட்டமாக்கியுள்ளனர். தமிழ்நாட்டில் மனை வாரிசுகளின் பெயரிலேயே நீடிக்கிறது. இடித்த நகராட்சி, செலவுத்தொகையை வரி நிலுவையாக எழுதி வைக்கிறது. வழக்கு முடிந்து மனை விற்பனைக்கு வரும் நாளில் அத்தொகை வசூலாகும். அதற்குள், புதிதாக வெளிப்பட்ட பொதுச்சுவருக்கு அடுத்த வீட்டார் தம் செலவில் பூச்சு பூசியிருப்பர்.